பிரசவ வலி செய்யும் வேலை: சுகப்பிரசவத்தின் நிலைகளை அறிவோம்

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் எங்களிடம் முதலில் கேட்பது, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதே. சில மணி நேரம் கடந்ததும் அக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது: "பிள்ளை இப்படி வலியில் துடிக்கிறாளே, ஏதாவது செய்யக் கூடாதா?" இக்கேள்வியில் அன்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. பல நேரங்களில், மருத்துவமனையில் யாரும் கவனிக்கவில்லையோ என்ற ஐயமும் அதனுள் மறைந்திருக்கிறது.

கதவருகே நின்றபடி ஓரிரு சொற்களில் இதற்கு நிறைவான விடை கூற இயலாது. ஆகவே, இயல்பான பிரசவத்தின்போது தாயின் உடலில் என்ன நிகழ்கிறது, எந்த நேரத்தில் எது நடைபெற வேண்டும், எங்கே பொறுத்திருக்கலாம், எங்கே ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம். சுகப்பிரசவம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நிகழ வேண்டிய பல வேலைகளின் தொடர். அவ்வேலைகளை அறிந்தவர்களுக்குக் காத்திருக்கும் நேரம் வெறும் நேரமாகத் தோன்றாது.

பிரசவம் எப்போது தொடங்குகிறது?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள்களைக் கணக்கிட்டுப் பிரசவத் தேதி குறிக்கப்படுகிறது. ஆனால் அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலரே. 37 வாரங்கள் நிறைவடைந்த பின்னர், 42 வாரங்களுக்குள் எப்போது வலி எடுத்தாலும் அது இயல்பான காலமே. குறித்த தேதி கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தேதி கடந்தபின் மருத்துவர் சொல்லும் நாளில் பரிசோதனைக்கு வருவதைத் தவறவிடக் கூடாது.

கருக்காலம் முழுவதும் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர் கருப்பையை அமைதியாக வைத்திருக்கிறது. நிறைமாதத்தில் அதன் பிடி தளர்கிறது. ஈஸ்ட்ரோஜனின் தாக்கத்தால் கருப்பைத் தசையில் ஆக்சிடோசினை ஏற்கும் இடங்கள் பன்மடங்கு பெருகுகின்றன. அதே காலத்தில் புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் வேதிப்பொருள்கள் கருப்பை வாயை மென்மையாக்குகின்றன. கருவுறாத காலத்தில் மூக்கின் நுனியைப் போல் உறுதியாக இருக்கும் கருப்பை வாய், பிரசவத்தை நெருங்கும்போது உதட்டைப் போல் இளகிவிடுகிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாத நாள்களிலேயே இவ்வளவு ஆயத்தமும் நடந்து முடிகிறது.

கடைசி வாரங்களில் வயிறு அவ்வப்போது கல்போல் இறுகித் தளர்வதைப் பல தாய்மார்கள் உணர்வார்கள். நம் வீடுகளில் இதனைச் சூட்டு வலி என்றும் பொய் வலி என்றும் கூறுவர். சீரகத் தண்ணீர் அருந்திச் சற்றுப் படுத்தவுடன் அடங்கிவிட்டால் அது பொய் வலி என்பது பெரியவர்கள் கண்ட அடையாளம். அந்த அடையாளத்தில் உண்மை இருக்கிறது. வலியை அடக்குவது சீரகம் அன்று, ஓய்வே. மெய்யான வலி ஓய்வுக்கு அடங்காது. ஒழுங்கான இடைவெளியில் வரும். நேரம் செல்லச் செல்ல இடைவெளி குறையும். ஒவ்வொரு வலியும் முந்தையதைவிட வலுக்கும். பெரும்பாலும் இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி முன்வயிற்றுக்குப் பரவும். கருப்பை வாயை அடைத்திருந்த சளி, சிறிது இரத்தக் கறையுடன் வெளிப்படுவதும் பிரசவம் நெருங்குவதற்கான அடையாளமே.

வலியை விரைவுபடுத்துவதற்காக விளக்கெண்ணெய் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டுகிறோம். அது வயிற்றுப்போக்கையும் நீரிழப்பையும் உண்டாக்கி, வரப்போகும் நீண்ட உழைப்புக்குத் தேவையான வலிமையைத் தாயிடமிருந்து முன்கூட்டியே பறித்துவிடக் கூடும்.

உடனே புறப்பட வேண்டிய நிலைமைகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் வலிக்காகக் காத்திராமல், விடியட்டும் என்று தள்ளிப் போடாமல், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வாகன வசதி இல்லாவிடில் 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.

• கறை என்ற அளவைத் தாண்டிய இரத்தப்போக்கு.
• பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறுதல். அந்நீர் பச்சை அல்லது பழுப்பு நிறமாக இருந்தால் மேலும் விரைவு தேவை.
• குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல்.
• 37 வாரங்களுக்கு முன்பே ஒழுங்கான வலி தொடங்குதல்.
• கடும் தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி, வலிப்பு.
• காய்ச்சல், அல்லது இடைவெளியின்றித் தொடரும் வயிற்று வலி.
• முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு எவ்வகை வலி தொடங்கினாலும்.

மற்றபடி, வலி ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை, ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாக அவ்வாறே தொடர்ந்தால் புறப்படலாம். முன்பே குழந்தை பெற்றவர்களும், மருத்துவமனையிலிருந்து தொலைவில் வசிப்பவர்களும் அதற்கு முன்பாகவே கிளம்புவது நல்லது.

முதல் நிலை: கருப்பை வாய் திறத்தல்

மூடியிருக்கும் கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் அளவுக்குத் திறக்கும்வரை உள்ள காலமே முதல் நிலை. பிரசவத்தின் மிக நீண்ட பகுதி இதுவே. குடும்பத்தாரின் பொறுமை மிகவும் சோதிக்கப்படுவதும் இங்கேதான்.

கருப்பைத் தசைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கையை மடக்கி நீட்டினால் கைத்தசை சுருங்கிப் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். கருப்பைத் தசை அவ்வாறு முழுவதும் திரும்புவதில்லை. ஒவ்வொரு வலிக்குப் பின்னரும் அது முன்பிருந்ததைவிடச் சற்றே குறுகி நிற்கிறது. இதனால் கருப்பையின் மேற்பகுதி தடித்துக்கொண்டே வருகிறது. கீழ்ப்பகுதி மெலிந்து மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. கழுத்து இறுக்கமான பின்னலாடையைத் தலைவழியாக அணியும்போது, அதன் கழுத்துப்பட்டி முதலில் விரிந்து மெலிந்து, பிறகு தலையைச் சுற்றித் திறப்பதைப் போன்றது இது. ஒவ்வொரு வலியும் மில்லிமீட்டர் கணக்கில் ஒரு வேலையைச் செய்துவிட்டே அடங்குகிறது.

தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் முதலில் மெலிந்து, அதன் பின்னரே திறக்கத் தொடங்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒருசேர நிகழும். "என் மூத்த மகளுக்கு இரண்டாவது பிரசவம் மூன்று மணி நேரத்தில் முடிந்ததே" என்று தலைச்சன் பிள்ளைக்காக வந்திருக்கும் இளைய மகளோடு ஒப்பிடுவது பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

முதல் நிலையை நாங்கள் இரு பகுதிகளாகக் காண்கிறோம். 5 சென்டிமீட்டர்வரை திறப்பது மெதுவான பகுதி. இதற்கென்று நிலையான கால அளவு கிடையாது. ஒருவருக்குச் சில மணி நேரம், இன்னொருவருக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதன் பின்னர் வருவது விரைவான பகுதி. இது தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள்ளும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்குள்ளும் முடிவடையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்பதையும் அதே வழிகாட்டுதல் தெளிவுபடுத்தியுள்ளது. தாயும் சேயும் நலமாக இருக்கும்போது, வேகம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் குறுக்கிடத் தேவையில்லை.

இக்காலத்தில் நாங்கள் வாளாவிருப்பதில்லை. குழந்தையின் இதயத்துடிப்பை, விரைவான பகுதியில், 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு முறை கேட்கிறோம். அது பொதுவாக நிமிடத்துக்கு 110 முதல் 160வரை இருக்க வேண்டும். பத்து நிமிடங்களில் எத்தனை முறை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நீடிக்கிறது என்று வயிற்றில் கை வைத்து எண்ணுகிறோம். தாயின் நாடி, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் குறித்து வைக்கிறோம். ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உட்பரிசோதனை செய்கிறோம். அடிக்கடி உட்பரிசோதனை செய்தால் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடும் என்பதாலேயே இந்த இடைவெளி. "நான்கு மணி நேரமாக யாரும் பார்க்கவில்லை" என்று தோன்றும் வேளையில், படுக்கையருகே உள்ள தாளில் பல முறை குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும்.

வலிகளுக்கு இடையே ஏன் இடைவெளி வேண்டும்?

"வலி வருவதற்கு ஊசி போட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே" என்று பலர் கேட்கின்றனர். அந்த ஊசியில் உள்ள ஆக்சிடோசின், தாயின் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இயல்பாகவே வெளிவரும் பொருள்தான். அச்சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதை ஆங்கிலேய அறிஞர் ஹென்றி டேல் 1906இல் கண்டறிந்தார். அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ அதனை 1953இல் ஆய்வகத்தில் உருவாக்கினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலகெங்கும் எண்ணற்ற தாய்மார்களின் உயிரைக் காத்த மருந்து இது.

ஆனால் அளவறிந்து தராவிடில் இதுவே ஆபத்தாகும். கருப்பை சுருங்கும்போது அதன் தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. நச்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. தசை தளரும்போதுதான் புதிய இரத்தமும் உயிர்வளியும் குழந்தையைச் சென்றடைகின்றன. வலிக்கும் வலிக்கும் இடைப்பட்ட அந்த ஓரிரு நிமிடங்கள் தாய்க்கு ஓய்வு, குழந்தைக்கு மூச்சு. பத்து நிமிடங்களில் ஐந்து முறைக்கு மேல் வலி வந்தால் அந்த மூச்சு போதாமல் போகலாம். ஆகவேதான் தேவைப்படும் தாய்க்கு மட்டும், துளிகளைக் கணக்கிட்டு, குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனித்தபடி இம்மருந்தைத் தருகிறோம். கண்காணிப்பு வசதி இல்லாத இடங்களில் வலி வருவதற்கான ஊசியை ஒருபோதும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உடனிருப்பவரின் பங்கு

பிரசவத்தில் அச்சத்துக்கும் வலிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் பெருகுகிறது. அது ஆக்சிடோசினின் செயலைத் தடுத்து வலியின் ஒழுங்கைக் குலைக்கக் கூடும். கருப்பைக்குச் செல்லும் இரத்தத்தையும் குறைக்கக் கூடும். நம்பிக்கையான ஒருவர் அருகில் இருந்தால் ஆக்சிடோசின் தடையின்றிச் சுரக்கிறது; வலியைத் தணிக்க உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் எண்டார்பின்களும் உதவுகின்றன. தொடர்ந்து ஒருவர் உடனிருந்து ஆதரவளித்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுதல் என்பதை, 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது.

உடனிருப்பவர் தாயாகவோ, அத்தையாகவோ, அக்காவாகவோ, கணவராகவோ இருக்கலாம். யார் வேண்டும் என்பதைப் பிரசவிக்கும் பெண்ணே முடிவு செய்யட்டும். வலி வரும்போது இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மூச்சை மெதுவாக விடச் சொல்லி, உடன் நீங்களும் விடுங்கள். அறைக்குள் நடக்கவும், உட்காரவும், ஒருக்களித்துப் படுக்கவும் துணை செய்யுங்கள். நிமிர்ந்த நிலையில் குழந்தையின் தலை இறங்குவது எளிதாகிறது. மருத்துவர் தடை சொல்லாதவரை தண்ணீர், இளநீர், கஞ்சி போன்றவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள்; நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் வழியை மறிக்கும்.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. "நாங்களெல்லாம் பெற்றுக்கொள்ளவில்லையா?" என்ற சொல், துணிவு தருவதற்காகச் சொல்லப்படினும், வலியில் இருப்பவளின் காதில் கண்டிப்பாகவே விழுகிறது. வலியைத் தாங்க இயலாதபோது நிவாரணம் கோருவது பலவீனம் அன்று. முதுகுத்தண்டின் அருகே செலுத்தப்படும் எபிடியூரல் உள்ளிட்ட வழிகள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளின்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் நிலை: குழந்தையின் பயணம்

கருப்பை வாய் முழுவதும் திறந்தது முதல் குழந்தை பிறக்கும்வரை இரண்டாம் நிலை. தலைப்பிரசவத்தில் இது பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களுக்கு 2 மணி நேரத்துக்குள்ளும் முடியும்.

குழந்தை வெளிவரும் பாதை நேரான குழாய் அன்று. இடுப்பெலும்பு வளையத்தின் நுழைவாயில் பக்கவாட்டில் அகன்றது. வெளிவாயிலோ முன்பின்னாக அகன்றது. எனவே குழந்தை பக்கவாட்டில் முகம் வைத்து உள்ளே இறங்கி, வழியில் திரும்பி, தாயின் முதுகுப்புறம் நோக்கியபடி வெளிவருகிறது. இறங்கும்போது தாடையை மார்போடு சேர்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறது. குனியாத தலையின் நீளம் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர், நன்கு குனிந்த தலை 9.5 சென்டிமீட்டர் அகலத்தையே முன்வைக்கிறது. இரண்டு சென்டிமீட்டர்தான் வேறுபாடு. ஆயினும் பல பிரசவங்கள் சுகமாக முடிவதும் முடியாமல் போவதும் அந்த இரண்டு சென்டிமீட்டரில் அடங்கியிருக்கின்றன.

குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதும் இப்பயணத்துக்காகவே. அவை சற்று நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலையை ஒடுக்குகின்றன. பிறந்த குழந்தையின் தலை நீண்டிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். சில நாள்களில் தானே உருண்டு திரளும். தலையைக் கையால் அழுத்தி உருவிவிடக் கூடாது.

தலை கீழே இறங்கி இடுப்புத்தளத் தசைகளை அழுத்தும்போது, முக்க வேண்டும் என்ற உந்துதல் தாய்க்குத் தானாகவே எழும். அந்த உந்துதல் எழுந்த பின்னர், வலியோடு சேர்த்து முக்குவதே பயன்தரும். கருப்பை வாய் முழுவதும் திறக்கும் முன்பே முக்கச் சொன்னால் தாய் களைத்துப் போவாள். கருப்பை வாயும் வீங்கக் கூடும். தலை வெளியே தெரிந்ததும், "இப்போது முக்க வேண்டாம், வாயைத் திறந்து மூச்சு விடுங்கள்" என்போம். தலை மெதுவாக வந்தால்தான் பிறப்புவழியின் கீழ்த்தசை கிழியாமல் நெகிழும். அங்கு எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுப் போட வேண்டியதில்லை. தேவை நேர்ந்தால் மட்டுமே அவ்வாறு செய்யப்படும். வயிற்றின் மேல் அழுத்திக் குழந்தையைத் தள்ளுவது தாய்க்கும் சேய்க்கும் தீங்கு தரலாம். ஆகவே அதை யாரும் கேட்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்.

காத்திருத்தல் எங்கே முடிகிறது?

இயல்பாக நிகழட்டும் என்று காத்திருப்பது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பு தொடர்ந்து குறைந்தாலோ, நல்ல வலி இருந்தும் கருப்பை வாய் திறக்காமல் நின்றுபோனாலோ, தலை இறங்காவிட்டாலோ, இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ அந்த நிபந்தனை முறிகிறது. அப்போது கருவி கொண்டோ சிசேரியன் மூலமாகவோ குழந்தையை எடுக்கப் பரிந்துரைப்போம். அவ்வேளையில் ஒப்புதல் கையெழுத்துக்காக உறவினர் ஒருவர் வந்து சேரட்டும் என்று காத்திருப்பது பெரும் இழப்பில் முடியக் கூடும். ஒப்புதல் தரும் உரிமை முதலில் பிரசவிக்கும் பெண்ணுக்கே உரியது. ஆகவே, இதைப் பற்றி வீட்டிலேயே முன்கூட்டிப் பேசி வையுங்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு குழந்தைகள் சிசேரியன் மூலம் பிறந்துள்ளனர். இந்திய அளவில் இது 21.5 விழுக்காடு. வலிக்கு அஞ்சியோ நல்ல நேரம் குறித்தோ தேவையற்ற அறுவையைக் கேட்பதும் தவறு. தேவைப்படும் அறுவையைத் தயங்கி மறுப்பதும் தவறு. அறுவை மூலம் பெற்ற தாய் எவ்வகையிலும் தோற்றவள் அல்லள்.

முதல் மூச்சு

பிறந்த குழந்தையைத் துடைத்து, ஈரம் போக்கி, தாயின் வெற்று மார்பின் மேல் படுக்க வைக்கிறோம். அதுவரை நீர் நிறைந்திருந்த நுரையீரல் முதல் அழுகையில் காற்றால் விரிகிறது. பிரசவ நேரத்தில் குழந்தையின் உடலில் சுரந்த அட்ரினலின், நுரையீரலின் நீரை உறிஞ்சச் செய்து இதற்கு முன்பே வழி செய்திருக்கிறது. இதயத்தில் கருக்காலத்தில் திறந்திருந்த குறுக்குவழிகள் மூடத் தொடங்க, இரத்தம் நுரையீரலுக்குப் பாய்கிறது.

தொப்புள்கொடியை உடனே வெட்டுவதில்லை. ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்கிறோம். அந்நேரத்தில் நச்சுக்கொடியிலுள்ள இரத்தத்தின் ஒரு பகுதி குழந்தைக்கு வந்து சேர்கிறது. வரும் மாதங்களுக்கான இரும்புச்சத்து அதில் இருக்கிறது. இரத்தசோகை மிகுந்த நம் நாட்டில் இது சிறிய கொடை அன்று.

மூன்றாம் நிலை: எல்லோரும் மறந்துவிடும் நேரம்

குழந்தை பிறந்தது முதல் நச்சுக்கொடி வெளிவரும்வரை மூன்றாம் நிலை. பெரும்பாலும் 30 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இந்நிலையையே நாங்கள் மிகுந்த விழிப்போடு கடக்கிறோம்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. நச்சுக்கொடி பிரிந்ததும் அந்த இரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்து நிற்கும். அவற்றை மூடுவது கருப்பைத் தசையே. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியுள்ள தசைநார்கள் இறுகும்போது, இடையே செல்லும் குழாய்கள் முடிச்சுப் போட்டாற்போல் நெரிபடுகின்றன. முதல் நிலையில் குழந்தைக்கு வழி திறந்த அதே தசை, இப்போது தாயின் உயிரைக் காக்கும் கட்டாகிறது. அது இறுகாமல் தளர்ந்து போனால் சில நிமிடங்களில் தாயின் நிலை கவலைக்கிடமாகிவிடும். பிரசவத்தின்போது நேரும் தாய் மரணங்களுக்குப் பெருங்காரணம் இந்த இரத்தப்போக்கே. அதனால்தான் குழந்தை பிறந்தவுடன் ஒவ்வொரு தாய்க்கும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி தருகிறோம். வெளிவந்த நச்சுக்கொடி முழுமையாக இருக்கிறதா என்று விரித்துப் பார்க்கிறோம்.

அடுத்த இரண்டு மணி நேரம், 15 நிமிடங்களுக்கு ஒரு முறை வயிற்றைத் தொட்டுக் கருப்பை பந்துபோல் இறுகியுள்ளதா என்று பார்க்கிறோம். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கிறோம். வயிற்றை அழுத்தும்போது தாய்க்கு வலிக்கும். "அவளைச் சற்றுத் தூங்க விடுங்களேன்" என்று உறவினர் கேட்பதுண்டு. அந்த வலி தேவையானது; பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

குழந்தையின் அழுகுரல் கேட்டதும் குடும்பம் முழுவதும் குழந்தையைச் சூழ்ந்துகொள்கிறது. யாரைப் போல் இருக்கிறது, எத்தனை கிலோ, எந்த நட்சத்திரம் என்று பேச்சு தொடர்கிறது. அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள எங்களுக்கும் விருப்பமே. ஆயினும் உங்களில் ஒருவர் மட்டும் தாயின் அருகிலேயே இருங்கள். அணையாடை அடிக்கடி முழுவதும் நனைந்தாலோ, இரத்தக் கட்டிகள் வெளிவந்தாலோ, மயக்கமாக வருகிறது, படபடப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னாலோ, உடல் குளிர்ந்து வியர்த்தாலோ, அது களைப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். உடனே செவிலியரை அழையுங்கள். வீண் அழைப்பு என்று யாரும் கடிந்துகொள்ள மாட்டோம்.

இதே நேரத்தில் குழந்தைக்குச் சேனை வைப்பதாகக் கூறித் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் துணை செய்யுங்கள். மஞ்சள் நிறமாக இருக்கும் அப்பாலைக் கழித்துவிடும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் உள்ளது. குழந்தை பெறும் முதல் நோய்த்தடுப்பே அதுதான். குழந்தை பால் சப்பும்போது தாயின் உடலில் மீண்டும் ஆக்சிடோசின் சுரந்து கருப்பையை இறுகச் செய்கிறது. தாய் சேய்க்கு உணவூட்டும் அதே வேளையில் சேய் தாயின் இரத்தப்போக்கைக் குறைக்கிறது.

பிரசவத் தேதிக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை நான்கு: தாயின் இரத்த வகையை அறிந்து, தேவைப்பட்டால் இரத்தம் தரக்கூடிய இருவரைக் கேட்டு வையுங்கள். நள்ளிரவிலும் கிடைக்கும் வாகனத்தை உறுதி செய்யுங்கள். பரிசோதனைக் குறிப்பேட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிரசவ அறையில் உடனிருப்பவர் யார் என்பதைத் தாயிடமே கேட்டு முடிவு செய்து, இக்கட்டுரையை அவருக்குப் படிக்கக் கொடுங்கள்.